டக் டக் சத்தம் கேட்ட அன்றே லேப்டாப்பை அணைத்திருக்க வேண்டும்

கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். சிறு பதிப்பகங்களுக்குப் புத்தகம் தட்டச்சு செய்து, பக்கம் அமைத்து, புரூஃப் திருத்திக் கொடுப்பதுதான் பிழைப்பு. 2013இல் வாங்கிய லேப்டாப்பைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். புதிது வாங்கக் கூடாது என்பதில்லை. என்னுடைய பழைய கோப்புகள் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு நிரலில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. பதினைந்து வருட வாடிக்கையாளர்கள் மறுபதிப்புக்கு வரும்போது அந்தக் கோப்பைத் திறந்தாக வேண்டும். அதற்கு அந்த வின்டோஸ் 7தான் தோதாக இருந்தது. அப்படிப்பட்ட லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் 2023 தீபாவளிக்கு மறுநாள் போய்விட்டது. அதை மாற்றுவதற்குள் நான் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன். யாராவது ஒருவர் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தால் பாதிப் பணமும் பல நாள் தூக்கமும் மிச்சமாகியிருக்கும்.

அறிகுறி மூன்று வாரம் முன்பே தெரிந்தது. கோப்பைச் சேமிக்கக் கொடுத்தால் திரை அப்படியே உறைந்து நிற்கும், அரை நிமிடம் கழித்து நகரும். காலையில் திறந்தால் வட்டைச் சரிபார்க்கிறேன் என்று தானாகவே ஒரு கறுப்புத் திரை வரும். அப்புறம் அந்தச் சத்தம். விசிறிச் சத்தம் இல்லை. இடது கை வைக்கும் இடத்துக்குக் கீழே, சுவர்க் கடிகாரம் போல டக், டக், கொஞ்சம் இடைவெளி, மறுபடியும் டக். தூசி சேர்ந்திருக்கும், வேலை முடிந்ததும் சுத்தம் செய்து கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. நவம்பர், டிசம்பரில் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. 240 பக்கம், பதினாறு பக்கம் ஒரு பாரம் என்ற கணக்கில் சரியாகப் பதினைந்து பாரம், ஒரு ஊர் வரலாற்று நூல். ஆசிரியருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இரண்டாம் புரூஃப் திருத்தம் போட்டுக் கொண்டிருந்தேன்.

அந்தச் சத்தம் என்னவென்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டுகள் சுற்றிக்கொண்டிருக்க, அவற்றின் மேல் தொட்டும் தொடாமலும் ஒரு முனை நகர்ந்து எழுதும், படிக்கும். தான் எங்கே இருக்கிறோம் என்பதையே அந்த முனையால் படிக்க முடியாமல் போனால், தொடக்க இடத்துக்குத் திரும்பி மறுபடி முயலும். ஒவ்வொரு முயற்சியும் ஒரு டக். அந்த நிலையில் ஓட விட ஓட விடச் சேதம் கூடிக்கொண்டே போகலாம். ஆகவே அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருக்கும் வேலையைக்கூடச் சேமிக்காமல் அணைத்துவிடுங்கள். பத்து நிமிட வேலை போனால் போகட்டும். சத்தம் இல்லாமல் வெறுமனே மெதுவாகிறது என்றால், அன்றைக்கே முக்கியமான கோப்புறைகளை மட்டும் வெளியே நகல் எடுங்கள். முழு வட்டையும் எடுக்க ஆசைப்படாமல், எது போனால் அழுவோமோ அதை முதலில் எடுக்க வேண்டும்.

நான் இரண்டையும் செய்யவில்லை. என்னிடம் இருந்த நகல் ஒரு பென்டிரைவ், அதிலும் எட்டு மாதத்துக்கு முந்தைய கோப்புகள்தான். நவம்பர் 13ஆம் தேதி இரவு லேப்டாப் திறக்கவே மறுத்தது. தெரிந்தவர் ஒருவர் தொலைபேசியில், "செக்டிஸ்க் போடுங்க, எல்லாம் சரியாகிடும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். போட்டுவிட்டுப் படுத்தேன். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது, டக் டக் என்று அடித்துக்கொண்டே. ஏழு மணிக்குத் திரை கறுத்துவிட்டது. பிறகு அது திறக்கவே இல்லை. எனக்குக் கை நடுங்கியது. ஆசிரியருக்கு என்ன பதில் சொல்வது என்ற ஒன்றுதான் மனதில் ஓடியது.

செக்டிஸ்க் என்பது கோப்பு அட்டவணையைச் சீர் செய்யும் கருவி. ஆரோக்கியமான வட்டில் மின்சாரம் திடீரென்று போய்க் குழப்பம் வந்திருந்தால் உதவும். சாகக் கிடக்கும் வட்டில், கெட்ட இடங்களையும் தேடும்படி அதை ஓட விட்டால் முழுப் பரப்பையும் ஒரு அங்குலம் விடாமல் படிக்க வைக்கும், அட்டவணையையும் திருத்தி எழுதும். என் கோப்புகளில் ஒரு பகுதி பெயரிழந்து, எண்கள் மட்டும் கொண்ட துண்டுகளாக ஒரு கோப்புறைக்குள் போய் விழுந்திருந்ததைப் பின்னால் பார்த்தேன். எதில் எந்த அத்தியாயம் என்று கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆனது. கெட்டுப் போகும் வட்டில் எதையும் எழுதாதீர்கள், எதையும் சீர் செய்யாதீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தில் டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச நிரல் இருக்கிறது. அது கெட்ட இடங்களைத் தாண்டிப் போய் நல்ல பகுதிகளை முதலில் நகல் எடுத்துக்கொண்டு, கடைசியில் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். சத்தம் வராத, லேசாகக் கெட்ட வட்டுக்கு அதுதான் முறையான வழி. சத்தம் வந்துவிட்டால் அதையும் வீட்டில் செய்யாமல் இருப்பதே நல்லது. குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடு, மூடியைத் திறந்து முனையைத் தள்ளிவிடு என்றெல்லாம் சொல்வார்கள். குளிர்ந்த வட்டில் ஈரம் படியும். மூடியைத் திறந்தால் தூசி விழும். அந்த முனைக்கும் தட்டுக்கும் இடையிலான இடைவெளியில் ஒரு தூசித் துகள் என்பது பாறாங்கல்.

16ஆம் தேதி உள்ளூரில் ஒரு கடைக்கு எடுத்துப் போனேன். கடைப் பையன் நல்ல பிள்ளைதான், ஆனால் அவசரக்காரன். வட்டைக் கழற்றித் தன் கணினியில் மாட்டினான், சத்தம் வந்தது. கழற்றி வேறு கேபிளில் மாட்டினான். மறுபடி மாட்டினான். "அக்கா, டிஸ்க் போயிடுச்சு. புதுசு போட்டுடலாம்" என்றான். உள்ளே இருக்கிற கோப்புகள் என்று கேட்டேன். "அதெல்லாம் வராதுக்கா" என்றான். அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை நம்பிப் பழைய வட்டை அங்கேயே விட்டுவிட்டு வரப் பார்த்தேன். என்ன தோன்றியதோ, கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பழைய வட்டை எந்தக் கடையிலும் விட்டு வராதீர்கள். மீட்க முடியுமா என்பதை மீட்கும் வேலை தெரிந்தவர் சொல்ல வேண்டும். அதோடு, மீட்க முடியாத வட்டிலும் நம் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் இருக்கத்தான் செய்யும்.

கையிருப்பில் இருந்த ஒரு 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கை 3,200 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்தான், கூலி 500. வீட்டுக்கு வந்து மேசையில் வைத்தால் லேப்டாப் ஒரு பக்கம் ஆடுகிறது. அடிமூடி புடைத்திருந்தது. டச்பேடின் இடது பொத்தான் உள்ளே போகவே இல்லை. மறுநாள் போய்க் கேட்டதற்கு, "போகப் போக அமுங்கிடும்க்கா" என்றான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அளவுகோலை எடுத்து இரண்டு வட்டுகளின் தடிமனையும் அளந்தேன். பழையது 7 மி.மீ., புதியது 9.5 மி.மீ.

இந்தத் தடிமன் விஷயம் ஏன் யாருக்கும் தெரிவதில்லை என்று எனக்குப் புரியவில்லை. லேப்டாப் வட்டு என்றால் 2.5 அங்குலம் என்று மட்டும்தான் கேட்கிறார்கள், விற்கிறார்கள். அது நீள அகலத்துக்கான பெயர். தடிமன் தனி. பழைய லேப்டாப்களில் 9.5 மி.மீ. வழக்கம். பின்னால் வந்த மெலிந்த லேப்டாப்களில் 7 மி.மீ. வெளியில் வைத்துப் பயன்படுத்தும் சில பெரிய கொள்ளளவு வட்டுகள் 12.5, 15 மி.மீ. வரை போகும். 7 மி.மீ. வட்டு 9.5 மி.மீ. இடத்தில் உட்காரும், ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் கொடுத்தால் போதும். 9.5 மி.மீ. வட்டு 7 மி.மீ. இடத்தில் உட்காராது. பழைய லேப்டாப் என்பதால் தடிமனாகத்தான் இருக்கும் என்றும் நினைத்துவிட முடியாது. 2011இல் வந்த திங்க்பேட் எக்ஸ்220 மாடலில் 7 மி.மீ. வட்டு மட்டும்தான் போகும். ஆகவே பழைய வட்டைக் கழற்றி அளந்து பார்த்த பிறகே கடைக்குப் போங்கள். அழுத்தி மூடினால் தாய்ப்பலகைதான் (மதர்போர்டு) வளையும். வட்டு மாற்றப் போய் லேப்டாப்பையே இழக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். வட்டைச் சுற்றியுள்ள தகரச் சட்டம், அதன் நான்கு குட்டித் திருகாணிகள், சில மாடல்களில் வட்டின் முனையில் மாட்டியிருக்கும் சின்ன இணைப்பான், இவை எல்லாம் பழைய வட்டோடு கழன்று வரும். புதிய வட்டோடு இவை வராது. பழைய வட்டைத் தூக்கிப் போடும்போது இதையும் சேர்த்துப் போட்டுவிட்டுத் தேடுபவர்கள் நிறையப் பேர். அப்புறம், உங்கள் லேப்டாப் 2005, 2006க்கு முந்தையதாக இருந்தால் வட்டின் முனையைப் பாருங்கள். இரண்டு வரிசை ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை. தட்டையாக எல் வடிவத்தில் இருந்தால் சாட்டா என்ற பிந்தைய வகை. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது. சாட்டாவுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தலைமுறைகள் உண்டு. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், புதியதைப் பழையதில் மாட்டினால் பழையதன் வேகத்தில் ஓடும், அவ்வளவுதான்.

கடையில் திருப்பிக் கொடுத்தபோது, பெட்டி பிரித்ததற்காக 700 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள். சண்டை போடத் தெம்பில்லை. சரி, இனி நானே வாங்கிக்கொள்கிறேன் என்று இணையத்தில் தேடி, 7 மி.மீ. தடிமன் என்று உறுதி செய்துகொண்டு, 1 டி.பி. (1,000 ஜி.பி.) ஹார்ட் டிஸ்க் ஒன்றை 3,900 ரூபாய்க்கு வரவழைத்தேன். பளபளவென்று வெள்ளி உறைக்குள் இருந்தது. என் அண்ணன் மகள் பொறியியல் படிக்கிறாள், அன்று வீட்டுக்கு வந்திருந்தாள். "அத்தை, மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிடலாம்" என்று சொல்லி, யு.எஸ்.பி. கேபிள் வழியாகத் தன் லேப்டாப்பில் இணைத்து, கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலைத் திறந்தாள். ஓடிய மணி நேரம் என்ற இடத்தில் 14,212 என்று இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு வருடமும் ஏழு மாதமும் இரவு பகல் நிற்காமல் ஓடிய வட்டு. எந்த அலுவலகத்தின் கணினியிலோ உழைத்து முடித்ததைத் துடைத்து, உறை போட்டுப் புதிது என்று விற்றிருக்கிறார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, பணத்துக்காக இல்லை. வட்டில் இருக்கும் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் உத்தரவாதமும் எப்போதோ முடிந்திருந்தது.

இந்த இரண்டு சோதனையையும் எந்த வட்டு வாங்கினாலும் செய்யுங்கள், கடையில் வாங்கினால் கடையிலேயே செய்யச் சொல்லுங்கள். மணி நேரத்தை அழித்துப் பூச்சியமாக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள், அதனால்தான் உத்தரவாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த நிரலில் மூன்று வரிகள் முக்கியம்: 05 என்று எண்ணிட்ட வரி, கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5, படிக்க முடியாமல் காத்திருப்பில் இருப்பவை. சி6, சரி செய்யவே முடியாதவை. புதிய வட்டில் மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். பழைய வட்டில் சி5 பூச்சியத்தைத் தாண்டினால் அன்றே நகல் எடுத்துவிடுங்கள். மேலே நீல நிறத்தில் நன்று என்று காட்டுவதை மட்டும் நம்ப வேண்டாம், அந்த 14,212 மணி நேர வட்டுக்கும் அப்படித்தான் காட்டியது.

திரையைப் படம் எடுத்து அனுப்பிப் புகார் கொடுத்தோம். பணம் முழுதும் திரும்பி வந்தது, ஆனால் பதினொரு நாள் ஆனது. யோசித்துப் பார்த்தால் அந்த வட்டு புதிதாகவே இருந்திருந்தாலும் எனக்குச் சரிப்பட்டிருக்காது. இப்போது வரும் மெலிந்த 1 டி.பி. வட்டுகளில் பெரும்பாலானவை ஓட்டுக்கூரை போல ஒரு வரிசையின் மேல் இன்னொரு வரிசை ஏறியிருக்கும்படி எழுதும் வகை. எஸ்.எம்.ஆர். என்பார்கள். ஓரிடத்தில் திருத்தி எழுத வேண்டுமென்றால் பக்கத்து வரிசைகளையும் எடுத்து மறுபடி எழுத வேண்டும். படங்களைப் போட்டு வைக்க அது போதும். இயங்குதளம் ஓட்டவும், நாள் முழுக்கக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கவும் அது ஏற்றதில்லை.

இதற்கிடையில் பதிப்பகத்தார், கோப்பு மீட்பு செய்யும் ஒரு நிலையம் சென்னையில் அண்ணா சாலைப் பக்கம் இருப்பதாகச் சொன்னார். நவம்பர் 26 இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஏறினேன். வட்டைத் துணியில் சுற்றி டப்பாவில் வைத்து மடியிலேயே வைத்திருந்தேன். காலையில் எழும்பூரில் இறங்கிக் கடை திறக்கும் வரை காத்திருந்தேன். அங்கிருந்தவர் பெரியவர், வட்டைக் காதருகே வைத்து ஒரே ஒரு முறை மின்சாரம் கொடுத்து அணைத்துவிட்டார். "அம்மா, இதுக்கு முன்னாடி எத்தனை தடவை ஓட்டினீங்க?" என்று கேட்டார். செக்டிஸ்க் போட்டதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. ஒரு முனை பலவீனமாகிவிட்டது, தட்டு கீறவில்லை என்று நம்புகிறேன், முழுதும் வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். 14,000 ரூபாய் கேட்டார். கோப்பு வந்தால் மட்டும் கொடுத்தால் போதும், என்னென்ன வந்தது என்ற பட்டியலைக் காட்டிவிட்டுத்தான் பணம் வாங்குவேன் என்றார். இப்படி எழுதிக் கொடுக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். பார்ப்பதற்கே கட்டணம் உண்டா, வராவிட்டால் எவ்வளவு, வட்டின் உறையைத் திறப்பதற்கு முன் நம்மைக் கேட்பார்களா, மூன்றையும் முதலிலேயே கேளுங்கள். மீட்டதைப் போட்டுத் தர வேறொரு வட்டும் நாம் கொண்டு போக வேண்டும். நான் வெளிப்புற 1 டி.பி. வட்டு ஒன்றை 4,300க்கு அங்கேயே வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 4ஆம் தேதி தொலைக்காட்சியில் சென்னை முழுக்க வெள்ளம். அந்த நிலையம் தரைத்தளத்தில் இருந்தது. தொலைபேசி எடுக்கவில்லை. நான்கு நாள் எடுக்கவில்லை. அவ்வளவு பேர் வீட்டை இழந்து மொட்டைமாடியில் நிற்கும்போது ஒரு வட்டைப் பற்றிக் கேட்கிறோமே என்று எனக்கே கூச்சமாக இருந்தது, ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. 8ஆம் தேதி அவரே கூப்பிட்டார். தண்ணீர் வாசல் படியோடு நின்றுவிட்டது, மின்சாரம்தான் இல்லை, உங்கள் வட்டு பத்திரம் என்றார். அந்தக் குரலை நான் மறக்க மாட்டேன். 13ஆம் தேதி மறுபடி போனேன். பட்டியலைப் பார்த்தபோது ஏறக்குறைய முக்கால் பங்கு வந்திருந்தது. ஊர் வரலாற்று நூலில் பன்னிரண்டு பாரம் கிடைத்தது, மூன்று பாரம் போய்விட்டது.

அன்றே நடந்து போய், கணினிச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் வட்டு வாங்கினேன். இந்த முறை என்ன வேண்டும் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன்: எஸ்.எஸ்.டி. (சுற்றும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் வட்டு), 2.5 அங்குலம், சாட்டா, 7 மி.மீ., 480 ஜி.பி. முதல் கடையில் சூயிங்கம் பட்டை போன்ற குட்டிப் பலகையைக் காட்டி, இதுதான் வேகமானது என்றார்கள். அது என்.வி.எம்.இ., சாட்டாவைவிட வேகமான இன்னொரு வகை. என் லேப்டாப்பில் அதற்கு இடமே இல்லை. குட்டிப் பலகையிலேயே சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு, பார்க்க ஒன்று போலவே இருக்கும். பழைய லேப்டாப்பில் துளை இருந்தாலும் அதிலிருந்து இயங்குதளம் கிளம்பும் என்று சொல்ல முடியாது. இன்னொரு கடையில் பெயர் தெரியாத 1 டி.பி. எஸ்.எஸ்.டி.யை 2,200க்குத் தருவதாகச் சொன்னார்கள். அதில் நிஜமாகவே அவ்வளவு இடம் இருக்கிறதா என்று முழுக்க எழுதிப் படித்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒதுங்கிவிட்டேன். கடைசியில் தெரிந்த நிறுவனத்தின் 480 ஜி.பி. வட்டை 2,900க்கு, மூன்று வருட உத்தரவாதத்தோடு, ரசீதில் வட்டின் எண்ணை எழுதி வாங்கினேன். கடைக்காரரே தன் கணினியில் இணைத்து மணி நேரம் பூச்சியம் என்று காட்டினார். கணினியில் 447 ஜி.பி. என்றுதான் தெரியும், அது ஏமாற்று இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், வின்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது.

எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. என் வட்டுக்கு 160 டி.பி. வரை எழுதலாம் என்று தயாரிப்பாளர் போட்டிருந்தார். நாளுக்குப் பத்து ஜி.பி. எழுதினாலும் நாற்பது வருடம் வரும். அதற்குள் லேப்டாப் போய்விடும். பழைய லேப்டாப்புக்கு இந்த மாற்றம் தரும் பலனை வேறு எந்தச் செலவும் தராது. முன்பு திறந்து வேலை செய்யும் நிலைக்கு வர நான்கு நிமிடம் ஆகும். இப்போது அரை நிமிடம்கூட ஆவதில்லை. சுற்றும் வட்டில் முனை ஒவ்வொரு துண்டாகத் தேடி ஓட வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் ஓடுவதற்கே ஒன்றும் இல்லை.

மாட்டுவது பெரிய வேலையில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, எந்தத் திருகாணி எந்த இடம் என்று படம் எடுத்துக்கொண்டு, சரியான அளவு நட்சத்திர முனைத் திருப்புளியால் நிதானமாகச் செய்தேன். வின்டோஸ் 7 போடுவதில்தான் ஒரு மாலை போனது. பென்டிரைவை நீல நிறத் துளையில் செருகினால் நிறுவும் திரை அதைக் கண்டுகொள்ளவில்லை. அது யு.எஸ்.பி. 3, வின்டோஸ் 7க்கு அது தெரியாது. கறுப்புத் துளையில் செருகியதும் கண்டுகொண்டது. நிறுவுவதற்கு முன்பே, லேப்டாப் திறந்ததும் முதலில் வரும் அமைப்புத் திரையான பயாஸில், வட்டு ஏ.எச்.சி.ஐ. என்ற சாட்டா இயக்க முறையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உரிம எண் ஒட்டிய தாள் லேப்டாப்பின் அடியில் தேய்ந்து வெள்ளையாகியிருக்கும் பலருக்கு. எனக்குப் பேட்டரிக்கு அடியில் இருந்ததால் தப்பியது. உங்களுடையதை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். வின்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஓடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டதால், இந்த லேப்டாப்பை நான் இணையத்தோடு சேர்ப்பதில்லை.

மொத்தக் கணக்கு இதுதான். எஸ்.எஸ்.டி., வெளிப்புற வட்டு, 450 ரூபாய்க்கு அந்த யு.எஸ்.பி. கேபிள், எல்லாம் சேர்த்து 7,650. இது எப்படியும் செய்திருக்க வேண்டிய செலவு. மீட்பு 14,000, கடையில் போன 1,200, இரண்டு முறை சென்னைக்குப் போய் வந்தது 1,100, ஆக 16,300 ரூபாய் முழுக்க முழுக்க என் தாமதத்துக்கும் தெரியாமைக்கும் கொடுத்த விலை. இருபத்தொன்பது நாள் இயந்திரம் இல்லை. கையில் இருந்த இன்னொரு புத்தகம் 9,000 ரூபாய் வேலை, வேறு ஒருவரிடம் போய்விட்டது.

போன மூன்று பாரத்துக்கு ஆசிரியர் வீட்டில் காகிதப் புரூஃப் இருந்தது. சிவப்பு மையால் அவர் திருத்திய தாள்கள். தஞ்சாவூரில் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "விடும்மா, தாள் இருக்கில்ல" என்று உள்ளே போய் எடுத்து வந்தார். நாற்பத்தெட்டு பக்கம், ஐந்து நாள், மறுபடி அடித்தேன். டிசம்பர் 27 புத்தகம் அச்சுக்குப் போனது.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வேலைக் கோப்புறையை வெளிப்புற வட்டில் நகல் எடுக்கிறேன். மாதத்துக்கு ஒரு நகல் அண்ணன் வீட்டு அலமாரிக்குப் போகிறது. எஸ்.எஸ்.டி. டக் டக் என்று முன்னறிவிப்பு கொடுக்காது, ஒரு நாள் காலையில் சும்மா காணாமல் போகும். அழித்த கோப்பையும் பெரும்பாலும் அதிலிருந்து மீட்க முடியாது, டிரிம் என்ற ஏற்பாடு அந்த இடத்தைத் துடைத்துவிடும். ஒரு புத்தகம் இரண்டாம் புரூஃப் தாண்டும்போது தாளில் அச்செடுத்து ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுத்துவிடுகிறேன். அந்தக் காகிதச் செலவை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.